தலைமன்னார்வரை வந்த தண்டவாளம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே 1864 முதல் 1866 வரையான மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று ரயில் பாலங்கள் திறக்கப்பட்டன. சேரிங் கிராஸ் நிலையத்துக்குப் போகும் ஹங்கர்ஃபோர்டு பாலம், பிளாக்ஃபிரையர்ஸ் பாலம், கேனன் தெருப் பாலம். தென்கரையோடு நின்றுபோயிருந்த ரயிலை வணிக நகரத்தின் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டுமென்று கம்பெனிகள் போட்டி போட்டுப் பணத்தைக் கொட்டிய காலம் அது. அதே 1864 டிசம்பரில் இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுசவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. மலையிலிருந்து கோப்பிக் கொட்டையைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே போடப்பட்ட பாதை அது.

அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இன்னொரு போக்குவரத்தும் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் வறண்ட சீமைகளிலிருந்து தோட்ட வேலைக்குக் கிளம்பியவர்கள் பாம்பனிலும் தேவிபட்டினத்திலும் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைவரை ஏறக்குறைய 150 மைல் நடை. அரிசி மூட்டையும் சட்டிபானையும் கைக்குழந்தையுமாக, குடிதண்ணீர் அரிதான காட்டு வழியில், கங்காணியின் பின்னால் போனார்கள். வடக்குப் பாதை என்று மலையக வரலாற்றில் பேர் பெற்ற அந்த வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம்.

கோப்பிக் கொட்டை ரயிலில் இறங்கியது. அதைப் பறித்தவர்கள் நடந்தே ஏறினார்கள். ரயில் பாலங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றின் அகலத்தையும் இரும்பின் எடையையும் அளக்கிறார்கள். மன்னாரில் நின்று பார்க்கும்போது வேறொன்றையும் அளக்க வேண்டியிருக்கிறது. ஒரு பாலம் எப்போது வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை, அதில் கடக்கப்போகிறவர் யார், கடக்கும் பாட்டை யார் தலையில் சுமத்தலாம் என்ற கணக்கும் தீர்மானிக்கிறது. தொழிலாளி தன் காலால் நடந்து வந்து சேரும்வரை இந்தக் கரைக்கு ரயில் தேவைப்படவில்லை.

1880இல் தண்டவாளம் மாத்தளையைத் தொட்டது. நடந்து வந்தவர்களின் பயணம் எங்கே முடிந்ததோ அங்கே ரயில் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கு ரயில் பாதை 1904இல் அநுராதபுரத்துக்கும் 1905இல் காங்கேசன்துறைக்கும் வந்தபோதும் மன்னார் ஒதுங்கியே கிடந்தது. இதற்கிடையில் கொள்ளைநோய்ப் பயத்தால் அரசு மன்னார் வழியை மூடித் தொழிலாளர்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. போகிறவருக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்படும். அதைக் காட்டினால் பயணச் செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்படும். தேயிலையும் ரப்பரும் கொழித்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் தேவை கூடிக்கொண்டே போயிற்று. தூத்துக்குடிக் கடல் வழி நீளமானது. பாம்பனுக்கும் மன்னாருக்கும் நடுவிலிருந்த குறுகிய கடல்மீது அதிகாரிகளின் பார்வை திரும்பியது அப்போதுதான்.

அந்தக் கடலை மூன்று துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியப் பெருநிலத்தையும் ராமேஸ்வரம் தீவையும் பிரிக்கும் பாம்பன் வாய்க்கால் ஒன்று. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார்வரை மணல் திட்டுகளும் ஆழமில்லாத நீருமாகக் கிடக்கும் ராமர் பாலம் இன்னொன்று. இலங்கையில் ஆதாம் பாலம் என்பதும் அதுவே. மன்னார்த் தீவையும் இலங்கைப் பெருநிலப்பரப்பையும் பிரிக்கும் களப்பு நீர் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் கிடைத்த தீர்வுகள் மூன்று விதம்.

மன்னார்ப் பக்கத்துக் களப்பு எளிதானது. முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீரில் மண்ணையும் கல்லையும் கொட்டித் தாம்போதி எழுப்பி, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மட்டும் பாலம் வைத்தால் போதும். மதவாச்சியில் பிரிந்து, செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாக மாந்தைக் கரைக்கு வந்து, களப்பைத் தாண்டி, பேசாலையைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறைவரை போகும் 106 கிலோமீட்டர் பாதை 1914இல் திறக்கப்பட்டது. பொறியியல் வரலாற்றில் இந்தப் பாலத்துக்குத் தனி அத்தியாயம் இல்லை. ஆனால் தீவில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் சந்தையும் இந்தத் தாம்போதிக்கு இப்பாலும் அப்பாலுமாகவே இருக்கின்றன. மூன்றில் இந்த மண்ணின் மக்களுக்கு அன்றாடம் உதவியது இந்தச் சாதாரணப் பாலந்தான்.

பாம்பன் வாய்க்கால் அப்படியல்ல. மன்னார் வளைகுடாவிலிருந்து பாக்கு நீரிணைக்குப் போகும் கப்பல்களுக்கு அது வழி. ரயிலும் போக வேண்டும், கப்பலும் போக வேண்டும். இதற்குரிய விடை கடற்கரை எதிலும் பிறக்கவில்லை. நெரிசல் மிகுந்த ஒரு நகரத்தில் பிறந்தது என்பதை நான் வியப்போடுதான் படித்தேன். 1890களில் சிகாகோ ஆற்றின் குறுக்கே இருந்தவை பெரும்பாலும் சுழல் பாலங்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண். அதன்மேல் பாலம் முழுவதும் திரும்பிக் கப்பலுக்கு வழிவிடும். ஆறு குறுகலானது, கப்பல்கள் பெருத்துக்கொண்டே வந்தன, நடுத்தூணோ பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் நகரத்தின் உயர்மட்ட ரயில் பாதையைக் கடத்த வேண்டிய நிலையில், வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். பாலத்தை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியின் அடிப்பகுதியையும் வில்போல் வளைத்துவிட வேண்டும். திறக்கும்போது ஒவ்வொரு பாதியும் சாய்வு நாற்காலிபோலப் பின்னோக்கி உருண்டு மேலெழும். பின்புறம் கட்டிய எதிரெடை பாலத்தின் கனத்தைச் சமன் செய்துவிடுவதால் சிறு விசையே போதும். உருளும்போதே பாலம் பின்வாங்கிவிடுவதால் நீர்வழி முழு அகலத்துக்கும் திறந்துகொள்ளும். ஷெர்சர் 1893இல் இறந்துவிட்டார். அவருடைய முதல் பாலங்கள் 1895இல்தான் சிகாகோவில் திறந்தன. கம்பெனியைத் தம்பி ஆல்பர்ட் நடத்தினார்.

அந்தச் சிகாகோ வடிவம் இங்கிலாந்தின் டீஸ் ஆற்றங்கரையில் ஹெட் ரைட்சன் பட்டறையில் இரும்பில் உருவாகி, கப்பலேறிப் பாம்பனுக்கு வந்தது. 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட பாலத்தில் 40 அடிக் கண்கள் 145. அவற்றுக்கிடையே திறந்து மூடும் ஷெர்சர் கண் ஒன்று. மொத்த நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மின்விசை இல்லை, நீராவி இல்லை. கப்பல் வரும்போது இருபுறமும் ஆட்கள் நின்று நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றிச்சுற்றி வருவார்கள். பற்சக்கரம் பற்சக்கரமாக விசை ஏறி, நூற்றுக்கணக்கான டன் இரும்பு மெல்ல வானத்தைப் பார்த்து எழும். நூறாண்டுக்கு மேலாக அந்த வேலையைச் செய்தவை மனிதத் தோள்களே. சிகாகோவின் நகர நெருக்கடிக்குப் பிறந்த பொறி, உப்புக்காற்று ஓயாமல் அரிக்கும் திறந்த கடலில் 2022 டிசம்பர்வரை ரயிலைத் தாங்கியது. பாம்பனுக்குரிய புகழை யாரும் குறைக்க முடியாது.

நடுவில் இருக்கும் கடல்தான் மிச்சமாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பாலமே போட்டுவிடலாம் என்று திட்டம் போட்டவர்கள் வெறும் கனவுக்காரர்கள் அல்லர். பாம்பன் பாலம் எழுந்த அதே காலத்து ரயில்வே பொறியாளர்கள். திட்டுக்குத் திட்டு இரண்டு வரிசைக் கான்கிரீட் தூண்களை அறைந்து, பலகைகளால் அடைத்துவிட்டால், நீரோட்டம் கொண்டுவரும் மணல் தானாகவே இருபுறமும் சேர்ந்து கரையாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. கடலையே கொத்தனாராக்கும் திட்டம். ஆனால் அங்கே மணல் ஒரே பக்கமாகப் போவதில்லை. வாடைக் காலத்தில் ஒரு திசை, சோளகக் காலத்தில் மறுதிசை. இந்த ஆண்டு மேலெழுந்த திட்டு அடுத்த ஆண்டு உருமாறிக் கிடப்பதை இரு கரை மீனவரும் அறிவார்கள்.

பாலம் வரவில்லை, படகு வந்தது. 1914 மார்ச் 1இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கிற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று இந்திய வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் ஏறக்குறைய 22 மைல் கடலைக் கடந்தன. சென்னையில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னார் பியரில் நின்ற கோச்சியில் உட்கார்ந்தால் கொழும்பு போய்ச் சேரலாம். யாழ்ப்பாணத்து மாணவர்களும் புடவை வியாபாரிகளும் கோயில் யாத்திரை போனவர்களும் இந்த வழியைத் தங்கள் வாழ்க்கையின் பகுதியாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரே சீட்டில் இரண்டு நாடு என்று அந்தப் பயணத்தைப் பாராட்டி எழுதுகிற கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை.

அவற்றில் அதிகம் பேசப்படாத இடம் மண்டபம் முகாம். பாம்பன் பாலம் தொடங்குவதற்கு முன், இந்தியக் கரையிலேயே, இலங்கை அரசாங்கம் நடத்திய தனிமைப்படுத்தும் முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே நிறுத்தப்பட்டு, குளிக்கவைக்கப்பட்டு, உடை அவிக்கப்பட்டு, தடுப்பூசி போடப்பட்டு, சில நாள் காத்திருந்த பிறகே ரயிலேறிப் பாலத்தைக் கடக்க முடியும். முதல் வகுப்புப் பயணிக்குப் பாம்பன் ஒரு காட்சி. தொழிலாளிக்கோ பாலத்தின் கதவு மண்டபத்தில் இருந்தது. திறக்கும் சாவி மருத்துவ அதிகாரியிடமும் தோட்டத்தின் ஆட்சேர்ப்பாளரிடமும் இருந்தது. நடந்து சாகும் கொடுமை ஓய்ந்தது என்பதை மறுக்கக் கூடாது. அது பெரிய மாற்றம். ஆனால் அந்த மாற்றம் ஆட்களை எண்ணி, வடிகட்டி, ஒரே வாயில் வழியாகச் செலுத்தும் ஏற்பாட்டோடு சேர்ந்தே வந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நடுக்கடலில் பாலம் போட்டிருந்தால்கூட ஒரே ரயில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஓடியிருக்க முடியாது. தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் அகலம். இலங்கை அரசின் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலம். ஒரே பேரரசு, எதிரெதிர்க் கரைகளில் ஒன்றோடொன்று பொருந்தாத தண்டவாளங்களைப் போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றும் தன் துறைமுகத்தை, தன் விளைச்சலை மட்டும் நினைத்துப் போடப்பட்ட பாதை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விக்டோரியா காலப் பாலக்காரர்களைக் கலங்க அடித்த விபத்து ஒன்று உண்டு. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தருகே டே பாலத்தின் நடுக்கண்கள் புயற்காற்றில் சரிந்தன. மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு ஏறத்தாழ 75 பேர் ஆற்றில் போனார்கள். திறந்து ஒன்றரை ஆண்டுக்குச் சற்றே அதிகமான பாலம். வடிவமைத்த தாமஸ் பவுச் காற்றின் அழுத்தத்துக்கு உரிய இடம் கொடுக்கவில்லை; வார்ப்பிரும்பு உறுப்புகளும் மட்டமானவை. அதன் பிறகுதான் பாலம் ஒவ்வொன்றும் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்று பிரிட்டனில் விதிக்கப்பட்டது. பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது. அதை டே ஆற்றில் மடிந்தவர்கள் விட்டுச்சென்ற பாடத்தின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலுக்கு எந்த விதியும் போதவில்லை. வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து, மன்னார்க் கரையை அறைந்து, பாக்கு நீரிணையில் இறங்கிய சூறாவளி தனுஷ்கோடியை அடியோடு துடைத்துவிட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஊரை எட்டும் தறுவாயில் கடல் ஏறி, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ரயில் அப்போது பாலத்தின்மேல் இல்லை, நிலத்தின்மேல் இருந்தது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. உருளும் ஷெர்சர் கண் மட்டும் நிலைத்து நின்றது. முப்பத்திரண்டு வயது ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்துப் பொருத்தி, 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை யாரும் மீட்கவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. நாடற்றவர்களாக ஆக்கப்பட்டிருந்த மலையகத் தமிழர் ஏறக்குறைய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும், மிச்சம் பின்னால் பார்க்கலாம் என்று ஆட்களைப் பங்கிட்ட ஒப்பந்தம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகள் மன்னார்ப் பாதையின் முக்கியச் சுமை அவர்களே. மலையிலிருந்து வந்த ரயில் தலைமன்னார் பியரில் நிற்கும்; ராமானுஜம் கப்பல் காத்திருக்கும். பாட்டன் நடந்து வந்த வழியில் பேரன் ரயிலில் திரும்பினான். இறங்கிய ஊரில் அவனுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. தொழிலாளியை உள்ளே கொண்டுவரப் போட்ட பாதை, எந்த மாற்றமும் தேவைப்படாமல், அவனை வெளியே அனுப்பவும் பயன்பட்டது.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் போரில் தகர்க்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் மக்கள் மன்னார்க் கரையில் காத்துக் கிடந்து, படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். தமிழர்கள் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவில் மேற்கே போனார்கள்; படகோட்டிகள் பலரை ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். பொறியாளர்கள் தூண் அறையக் குறித்த அதே திட்டுகளில், குடிதண்ணீரில்லாமல், இந்தியக் கடற்படையோ மீனவரோ வந்து ஏற்றும்வரை குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. கரை சேர்ந்தவர்களை வைத்த இடமும் மண்டபம் முகாம்தான்.

போர் முடிந்தபின் 2010இல் மன்னாருக்குப் புதிய தெருப் பாலம் திறக்கப்பட்டது. இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் தண்டவாளத்தை மீண்டும் போட்டது: 2013இல் மடு வீதிவரை, 2015 மார்ச் 14இல் தலைமன்னார் பியர்வரை. இன்று கொழும்பிலிருந்து வரும் ரயில் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து சில எட்டுத்தான் பழைய இறங்குதுறை. பலகைகள் உளுத்துப்போய், துருவேறிய இரும்புக் கால்கள் வரிசையாகக் கடலுக்குள் இறங்கி நிற்கின்றன. பக்கத்தில் மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன.

அக்கரையிலும் மாற்றம் வந்தது. 2007இல் பாம்பன் பாதை அகலப் பாதையானது. அதாவது, 1914இல் பொருந்தாமல் இருந்த தண்டவாளங்கள் 2015 முதல் இரு கரையிலும் ஒரே அகலம். 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் ஒன்று மின்விசையால் நேர் மேலாக எழுகிறது. நெம்புகோல் தள்ள ஆள் வேண்டியதில்லை. 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில், தரைவழி இணைப்புக்கான சாத்தியக்கூற்று ஆய்வு இடம்பெற்றது. அதே மாதம் 28ஆம் திகதி மலையக மக்கள் தங்கள் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 12இல் போய்ச் சேர்ந்தார்கள்.

நடுக்கடல் பாலத்தைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் சரக்குப் பெட்டிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் கணக்கிடுகிறார்கள். மன்னார்த் தீவுக்குள் கேட்டால் பேச்சு தண்ணீரில் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராத, சுமார் 26 கிலோமீட்டர் நீள மணல் தீவு அது. தம்பபவனிக் காற்றாலைகளின் 30 கோபுரங்களுக்குப் போட்ட பாதைகள் மழைநீர் வடியும் வழியை மறிக்கின்றன, வீடுகளுக்குள் வெள்ளம் நிற்கிறது என்று அங்குள்ளவர்கள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். காற்றாலைப் பாதைக்கே இப்படியென்றால், இரட்டைத் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் தாங்கும் கரை ஒன்று தீவின் நீளம் முழுவதும் எழும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும், கரைவலை இழுக்கும் பாடுகள் எத்தனை மிஞ்சும், பேசாலையில் ரயில் நிற்குமா அல்லது தாண்டிப் போய்விடுமா? ஆய்வு எழுதப்போகிறவர்கள் கொழும்பிலும் டில்லியிலும் உட்காருவதற்கு முன்னால் இந்தக் கேள்விகளோடு தலைமன்னாருக்கு வர வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு சோளகக் காலமும் அங்கே தங்கினால் விடையில் பாதியை மீனவர்களே சொல்லிவிடுவார்கள்.